பின்னால் வருபவருக்கு ஒரு சொல்: பிரேக் விளக்கின் வரலாறும் கேரளச் சாலைகளும்

1938ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்துத் துறை திருவனந்தபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மாவும் அவர் குடும்பத்தினரும் முதற் பயணிகளாக அமர, துறையின் கண்காணிப்பாளர் இ. ஜி. சால்டர் தாமே பேருந்தை ஓட்டிக் கவடியார் வரை சென்றார். 30க்கும் மேற்பட்ட பேருந்துகள் பின்தொடர்ந்தன. சால்டர் அதற்குமுன் லண்டன் பயணியர் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றியவர். இங்கிலாந்திலிருந்து 60 சேசிஸ்கள் தருவிக்கப்பட்டு, அவற்றின்மேல் கூடுகள் அவருடைய மேற்பார்வையில் இங்கேயே கட்டப்பட்டன. 1965இல் தனிக் கழகமாக மாறி, இன்று ‘ஆனவண்டி’ என்று மக்கள் அழைக்கும் கே.எஸ்.ஆர்.டி.சி.யின் தொடக்கம் அதுவே.

இந்நிகழ்வு கேரளப் போக்குவரத்து வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது. ஆனால் அந்த ஊர்வலத்தைப் பற்றி அதிகம் கேட்கப்படாத வினா ஒன்று உண்டு. ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் வண்டிகளில், முன்வண்டி நிற்கப்போகிறது என்பதைப் பின்வண்டியின் ஓட்டுநர் எவ்வாறு அறிகிறார்? முகம் தெரியாத ஒருவர், முகம் தெரியாத மற்றொருவருக்கு, முதுகைக் காட்டிக்கொண்டே சொல்ல வேண்டிய செய்தி இது. குரல் எட்டாது; எழுத்தைப் படிக்க நேரம் போதாது. இந்தச் செய்திக்கு ஒரு குறி உருவாகவும், அக்குறி சட்டமாகவும், பின்னர் அது போதாமல் கூடுதல் விளக்கு ஒன்று தேவைப்படவும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இழுத்துச் செல்லப்படும் டிரெய்லர்களைப் பொறுத்தவரை அந்த வரலாறு இன்னும் முடியவில்லை.

மணியும் கையும்

கேரளப் பேருந்தின் உள்ளே தெளிவான குறிமொழி ஒன்று வழங்குகிறது. நடத்துநர் கயிற்றை ஒருமுறை இழுத்தால் நிறுத்த வேண்டும். இருமுறை இழுத்தால் புறப்பட வேண்டும். ‘டபிள் பெல்’ என்பது மலையாளப் பேச்சில் புறப்பாட்டுக்கே பெயராகிவிட்டது. இரண்டே குறிகள், இரண்டே பொருள்கள். அவற்றுக்கிடையே குழப்பம் இல்லை.

வண்டிக்கு வெளியே நிலைமை வேறு. பிரிட்டிஷ் இந்தியாவுக்கான 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநரின் கைச்சைகைகளை அட்டவணையாகவே இணைத்திருந்தது. அவை பின்னர் 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளிலும் தொடர்ந்தன. வேகத்தைக் குறைக்கப்போகும் ஓட்டுநர் வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க, மேலும் கீழுமாகப் பலமுறை அசைக்க வேண்டும். நிற்கப்போகிறவர் முன்கையைச் செங்குத்தாக உயர்த்த வேண்டும். வலப்புறம் திரும்ப ஒரு சைகை, இடப்புறம் திரும்ப ஒரு சைகை, முந்திச் செல்ல இசைவு தர ஒரு சைகை.

மொழியியல் நோக்கில் இது வளமான சொற்றொகுதி. வேகக் குறைப்புக்கும் நிறுத்தத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன என்பது கவனிக்கத்தக்கது. பின்வந்த விளக்கு இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ஆனால் கைச்சைகையின் குறை அதன் இலக்கணத்தில் இல்லை, ஊடகத்தில் இருந்தது. இரவில் கை தெரியாது. இடவப்பாதி மழையில் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டுவது எளிதன்று. இடப்பக்கமாகப் பின்தொடரும் வண்டிக்கு வலப்பக்கத்துக் கை மறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரமாக நிறுத்த வேண்டிய நொடியில் ஓட்டுநரின் இரு கைகளும் ஸ்டியரிங்கை விட்டு அகல முடியாது. செய்தி மிகவும் தேவைப்படும் கணத்திலேயே சொல்லும் வாய்ப்பு அற்றுப்போகிறது.

சிவப்பின் இரு பொருள்கள்

வண்டியின் பின்புறத்தில் சிவப்பு ஒளி வைக்கும் மரபு இருப்புப்பாதையிலிருந்து வந்தது. கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு 1918இல் ரயில் வந்தபோது, கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கும் உடன் வந்தது. அவ்விளக்கு நிற்பதையோ ஓடுவதையோ சொல்வதில்லை. ‘வண்டி இங்கே முடிகிறது’ என்பது மட்டுமே அதன் பொருள். நிலையத்தைக் கடக்கும் ரயிலில் பின்விளக்கைக் கண்டால்தான், பெட்டி எதுவும் வழியில் அறுந்து நின்றுவிடவில்லை என்று நிலைய அலுவலர் உறுதிசெய்துகொள்வார். சாலை வண்டியின் பின்விளக்கும் முதலில் இப்பொருளையே ஏற்றது: ‘நான் இங்கே இருக்கிறேன்.’

‘நான் நிற்கிறேன்’ என்னும் இரண்டாம் பொருள் பின்னர் சேர்ந்தது. அமெரிக்க ஊமைப்பட நடிகை ஃபுளோரன்ஸ் லாரன்ஸ் 1914 அளவில், பிரேக்கை மிதித்தால் வண்டியின் பின்னால் ‘ஸ்டாப்’ என்னும் பலகை எழும் அமைப்பொன்றை உருவாக்கினார் என்று கூறப்படுகிறது. அது எழுத்தாலான குறி. நம் லாரிகளின் பின்புறத்தில் விளக்குகளுக்கருகே ‘ஸ்டாப்’ என்று இன்றும் எழுதியிருப்பதைக் காணலாம். ஆனால் எழுத்து நிலைக்கவில்லை, ஒளி நிலைத்தது. பிரிட்டனின் இன்றைய விளக்கு விதிகள் 1936 ஜனவரி 1க்கு முன் ஓடத் தொடங்கிய வண்டிகளுக்கு மட்டுமே பிரேக் விளக்கிலிருந்து விலக்கு அளிக்கின்றன. அந்தத் தேதியிலிருந்து அங்கே அது வண்டியின் கட்டாய உறுப்பு என்று கொள்ளலாம். சால்டர் திருவனந்தபுரம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டில்.

இங்கே ஒரு சிக்கல் பிறந்தது. இரு பொருள்களுக்கும் ஒரே நிறம், பெரும்பாலும் ஒரே கண்ணாடி, ஒரே பல்பு. 5 வாட் இழை எரிந்தால் ‘இருக்கிறேன்’. 21 வாட் இழையும் சேர்ந்தால் ‘நிற்கிறேன்’. பகலில் இவ்வேறுபாடு தெளிவானது, ஏனெனில் அணைந்த விளக்குக்கும் எரியும் விளக்குக்கும் இடையிலான வேறுபாடு அது. இரவில் அது மங்கலுக்கும் பிரகாசத்துக்கும் இடையிலான ஒப்பீடாகிவிடுகிறது. தொலைவில் உள்ள பிரகாசமான விளக்கும் அருகில் உள்ள மங்கலான விளக்கும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். இழைகளில் ஒன்று அறுந்தாலோ, கண்ணாடியில் சேறு படிந்தாலோ ஒப்பிட எதுவுமே எஞ்சாது.

தமிழ் எழுத்து வரலாற்றை அறிந்தவர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று. எகர ஒகரக் குறில்களை நெடில்களிலிருந்து பிரித்துக்காட்டப் புள்ளி இட வேண்டும் என்பது தொல்காப்பிய மரபு. ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று எழுதுவோர் அதை விட்டுவிட்டனர். ஒரே வடிவம் குறிலாகவும் நெடிலாகவும் நின்றது. படிப்பவர் இடம்நோக்கிப் பொருள்கொண்டார். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்ததாகச் சொல்லப்படும் சீர்திருத்தம், நெடிலுக்குத் தனிக் குறி அளித்து அந்த மயக்கத்தை நீக்கியது. ஏட்டைப் படிப்பவருக்கு இடம்நோக்கிப் பொருள்கொள்ள நேரம் இருந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஓட்டுநர் ஒரு நொடி தயங்கினால் வண்டி ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும்.

மூன்றாவது விளக்கு

பிரேக் விளக்குக்கு இத்தகைய சீர்திருத்தம் சான் பிரான்சிஸ்கோ டாக்சிகளிலிருந்து தொடங்கியது எனலாம். ஜான் வோயவாட்ஸ்கி என்னும் உளவியலாளர் 343 டாக்சிகளின் பின்புறத்தில் கூடுதலாக ஓர் எச்சரிக்கை விளக்கைப் பொருத்தினார். வேகக் குறைப்பின் கடுமைக்கேற்ப அது துடிக்கும். 1974இல் வெளியான அவருடைய ஆய்வின்படி, விளக்கில்லா டாக்சிகளோடு ஒப்பிட இவற்றில் பின்மோதல்கள் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்திருந்தன. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் வாடகைக் கார்களிலும் நிறுவனக் கார்களிலும் நடத்திய அடுத்தகட்டச் சோதனைகளில், நடுவே உயரத்தில் பொருத்திய ஒற்றைச் சிவப்பு விளக்கு பாதிக்குமேல் பலன் தந்தது. 1986ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அந்நாட்டுப் புதிய கார்களில் மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயமாயிற்று; 1994 மாதிரியிலிருந்து சிறு லாரிகளுக்கும் அது நீண்டது.

இவ்விளக்கின் சிறப்பு அதன் பிரகாசத்தில் இல்லை. அது ‘இருக்கிறேன்’ என்று ஒருபோதும் சொல்வதில்லை. பிரேக்கை மிதிக்காத வேளையில் அது முழுமையாக அணைந்திருக்கும். எரிந்தால் ஒரே பொருள். இடமும் தனி, பொருளும் தனி. முன்வண்டியின் கண்ணாடி வழியே அதற்கும் முன்னே செல்லும் வண்டியின் விளக்கும் தெரிவதால், செய்தி இரண்டு மூன்று வண்டிகளைத் தாண்டியும் எட்டுகிறது.

இதற்கடுத்து நிகழ்ந்தது மொழி மாற்றத்தைப் படிப்பவர்களுக்குச் சுவையானது. அந்நிறுவனமே 1998இல் வெளியிட்ட மதிப்பீட்டில், நீண்டகாலப் பலன் 4.3 விழுக்காடு மட்டுமே என்று கண்டறியப்பட்டது. சோதனைக் காலத்தில் சில வண்டிகளில் மட்டும் இருந்த விளக்கு புதுமையால் கண்ணை ஈர்த்தது. எல்லா வண்டிகளிலும் வந்தபின் ஈர்ப்புக் குறைந்தது. ‘நிரம்ப’ என்னும் சொல் ‘ரொம்ப’ என்றாகி, நிறைவு என்னும் முதற்பொருள் தேய்ந்து, வெறும் மிகுதிக் குறியாய் நிற்பதைப் போன்றதே இது. அழுத்தம் தருவதற்காக வரும் எந்தக் குறியும் பரவப் பரவ அழுத்தத்தை இழக்கும்.

எனினும் எஞ்சிய 4.3 விழுக்காட்டைச் சிறிது என்று தள்ள முடியாது. எல்லா வண்டிகளிலும் அது பொருத்தப்பட்ட நிலையில், ஆண்டுக்கு 1,94,000 முதல் 2,39,000 வரையிலான விபத்துகள் தவிர்க்கப்படும் என்று அதே அறிக்கை கணித்தது. புதுமையின் பலன் போனபின் எஞ்சியிருப்பது தெளிவின் பலன்.

இழுபடும் வண்டியின் ஊமைத்தனம்

டிரெய்லரில் இச்சிக்கல் இருமடங்காகிறது. இழுக்கும் வண்டியின் பின்விளக்குகளையும் உயரத்தில் உள்ள மூன்றாவது விளக்கையும் பின்னால் வரும் பெட்டி முற்றிலும் மறைத்துவிடும். பின்தொடர்பவருக்கு டிரெய்லரின் விளக்குகளே எல்லாம். அவ்விளக்குகளோ ஒரு கேபிளையும் ஒரு பிளக்கையும் நம்பியிருக்கின்றன. உப்புக்காற்றும் இரு பருவமழைகளும் உள்ள கடற்கரையில் பித்தளை முனைகள் களிம்பேற அதிக நாள் ஆகாது. ஒரு முனை தொடர்பு அற்றால் ஒரு பொருள் மறையும். எர்த் கம்பி அற்றால், பிரேக்கை மிதிக்கும்போது வேறு விளக்குகள் மங்கலாக எரிந்து, குறி தன் பொருளையே மாற்றிக்கொள்ளும். ஓட்டுநர் தாம் சொல்லிவிட்டதாகவே எண்ணிக்கொண்டிருப்பார்.

அமெரிக்காவிலும் மூன்றாவது விளக்கின் கட்டாயம் டிரெய்லர்களுக்கு நீளவில்லை. பயண டிரெய்லர் வைத்திருப்போர் தாமாகவே உயரத்தில் கூடுதல் பிரேக் விளக்குப் பொருத்திக்கொள்வதற்கு இதுவே காரணம். சரக்கு டிரெய்லர்களில் மாற்றம் வேறு இரு வழிகளில் வந்தது.

முதல் வழி மின்சாரமே வேண்டாதது. 1993 டிசம்பர் முதல் அந்நாட்டின் புதிய கனரக டிரெய்லர்களில் ஒளி எதிரொளிக்கும் பட்டை கட்டாயமாயிற்று. 2001இல் வெளிவந்த ஆய்வு, இருளில் டிரெய்லர்களின் பக்கத்திலும் பின்னாலும் மோதும் விபத்துகள் இப்பட்டையால் 29 விழுக்காடு குறைந்தன என்றது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. தூய்மையான பட்டை இருளில் பின்மோதலை 53 விழுக்காடு குறைத்தது. அழுக்கேறிய பட்டை 27 விழுக்காடு மட்டுமே குறைத்தது. பொருத்துவதில் பாதிப் பலன், துடைத்து வைப்பதில் மீதிப் பலன்.

இரண்டாம் வழி விதிக்கும் அனுபவத்துக்கும் இடையிலான வழக்காக அமைந்தது. பிரேக் விளக்கு துடிக்கக் கூடாது, நிலையாக எரிய வேண்டும் என்பது அங்குள்ள விதி. குரோண்டைக் என்னும் டேங்கர் நிறுவனம், பிரேக்கை மிதிக்கும்போது துடிக்கும் மஞ்சள் விளக்கொன்றைத் தன் டிரெய்லர்களில் கூடுதலாகப் பொருத்திப் பார்த்ததில் பின்மோதல்கள் 33.7 விழுக்காடு குறைந்தன என்ற தரவை முன்வைத்தது. 2019இல் அதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. விதி தளர்ந்தது ஆர்வத்தால் அன்று, எண்ணிக் காட்டிய சான்றால்.

கேரளத்தின் வினா

2021 செப்டம்பரில் கேரள அரசு ‘கேரவன்’ சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டில் வாகமணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. படகுவீட்டுக்குப் பின் கேரளச் சுற்றுலாவின் அடுத்த அடையாளம் என்று அது முன்வைக்கப்பட்டது. வளைந்தும் ஏறியும் இறங்கியும் செல்லும் மலைப்பாதைகளில், நீளமும் உயரமும் மிக்க வண்டிகள் அடிக்கடி வேகம் குறைக்கும் என்பது வெளிப்படை. அத்தகைய வண்டியின் உரிமையாளர் ஒருவர், பாதுகாப்புக் கருதி உயரத்தில் இரண்டு பிரேக் விளக்குகளைச் சேர்க்க எண்ணினால் சட்டம் என்ன சொல்லும்?

கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றிலேயே உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று விடை அளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் வகுத்த மூல விவரக்குறிப்புகளுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது என்று அத்தீர்ப்பு வலியுறுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் கொண்டுவந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கிறது.

2022 அக்டோபர் 5 இரவு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே, பள்ளி மாணவர்களை உதகைக்கு ஏற்றிச்சென்ற சுற்றுலாப் பேருந்து, முன்னே சென்ற கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்தின் பின்புறத்தில் மோதிக் கவிழ்ந்தது. 9 பேர் இறந்தனர். அவர்களுள் 5 பேர் மாணவர்கள். மிகுவேகமே முதன்மைக் காரணமாகச் சுட்டப்பட்டது. இவ்விபத்தைப் பிரேக் விளக்கின் குறையாகக் காட்டுவது பொருந்தாது. ஆனால் அதைத் தொடர்ந்து உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டதும், சுற்றுலாப் பேருந்துகளின் பல்வண்ண அலங்கார விளக்குகள்மீது நடவடிக்கை கடுமையானதும், ஒரே சீரான வெள்ளை நிறம் வற்புறுத்தப்பட்டதும் இக்கட்டுரையின் பொருளோடு நேரடித் தொடர்புடையவை. அன்றிலிருந்து கேரளத்தின் பொதுப்பேச்சில் ‘கூடுதல் விளக்கு’ என்பது குற்றத்தின் பெயராக ஒலிக்கத் தொடங்கியது.

அந்நடவடிக்கைக்கு நியாயம் உண்டு. பின்புறம் முழுவதும் நீலமும் பச்சையும் ஊதாவுமாய் மின்னும் வண்டியில், சிவப்பு எரிந்தாலும் அது தனித்துத் தெரிவதில்லை. குறி என்பது தன்னைச் சூழ்ந்தவற்றிலிருந்து வேறுபடுவதால் மட்டுமே குறியாகிறது. ஒவ்வொருவரும் தமக்கென ஒரு சொல்லை உருவாக்கிக்கொண்டால் எவர் சொல்வதும் எவருக்கும் விளங்காது. ஆகவே தனிமனிதர் விருப்பப்படி விளக்குச் சேர்ப்பதைத் தடுக்கச் சட்டத்துக்கு உரிமை உண்டு.

ஆனால் அலங்கார விளக்கும் மூன்றாவது பிரேக் விளக்கும் ஒரே வகைப்பாட்டுக்குள் அடங்குவன அல்ல. முன்னது இருக்கும் குறியை மறைக்கிறது; பின்னது அதன் மயக்கத்தை நீக்குகிறது. மூல விவரக்குறிப்பு என்னும் ஒரே அளவுகோலுக்கு இவ்விரண்டும் ‘மாற்றம்’ என்றே தோன்றும். சான் பிரான்சிஸ்கோவின் 343 டாக்சிகளும் அந்த அளவுகோலில் விதிமாறியவையே. தனிமனிதர் சேர்க்கக் கூடாது என்று சட்டம் சொல்லும்போது, சேர்க்க வேண்டியது எது என்று ஆராய்ந்து பொதுவாக்கும் கடமையும் அச்சட்டத்தை இயற்றுவோர்மீது விழுகிறது. தடை மட்டும் இருந்து ஆய்வு இல்லாதபோது, 1938இல் இருந்த குறிகளே இறுதியானவை என்றாகிவிடும்.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவ்வாண்டின் மொத்த விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பின்மோதல்கள். இவற்றில் விளக்குக் குறையால் நேர்ந்தவை எத்தனை என்பதைக் கூர்ந்து பிரித்துப் பார்க்கும் ஆய்வுகளே கொள்கைக்கு அடிப்படையாக முடியும். அதற்கான நிறுவனம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. 1976இல் தொடங்கப்பட்ட நாட்பாக் என்னும் தேசியப் போக்குவரத்துத் திட்டமிடல் ஆராய்ச்சி மையம் சாலைப் பாதுகாப்பைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. ஒரே பணிமனையின் பேருந்துகளில் பாதிக்கு உயரத்தில் தனிப் பிரேக் விளக்கு, மற்றப் பாதிக்கு இருப்பதே போதும் என்று வைத்து, ஓராண்டுக்குப் பின்மோதல்களை எண்ணுவது பெருஞ்செலவு பிடிக்கும் ஆய்வன்று. கேரவன்களுக்கும் டிரெய்லர்களுக்கும் உயரத்து விளக்கைக் கட்டாயமாக்குவதா என்பதற்கும் அதிலிருந்து விடை கிடைக்கும்.

அதுவரை செய்யத்தக்கது விதிகளுக்குள்ளேயே உள்ளது. பின்புறம் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள், முன்புறம் வெள்ளை என்று எதிரொளிப்பட்டை ஒட்டுவதை நம் விதிகள் ஏற்கெனவே கூறுகின்றன. பட்டை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று தகுதிச் சான்று வழங்கும் நாளில் பார்ப்பதோடு, அது துடைக்கப்பட்டிருக்கிறதா என்று சாலையிலும் பார்க்கலாம். டிரெய்லர் புறப்படுமுன் ஒருவர் பிரேக்கை மிதிக்க மற்றொருவர் பின்னால் நின்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். புதிய குறியைப் பற்றிய விவாதம் நீளலாம். பழைய குறி எரிகிறதா என்பதை இன்றே பார்த்துவிடலாம்.